ராணி குடிபெயர்கிறாள்

மூன்று நாள் மழை விட்டு, கீரப்பாளையத்தில் இன்றுதான் வெயில் எட்டிப் பார்க்கிறது. கல்லூரியில் விலங்கியல் படிக்கும் சந்திரலேகா, தான் வளர்க்கும் கட்டெறும்புகளின் கண்ணாடிக் குழாயை ஜன்னலோரம் வைத்துப் பார்க்கிறாள். உள்ளிருக்கும் ஈரப்பஞ்சில் கரும்பூசணம் படர்ந்திருக்கிறது. முட்டைக் குவியலைத் தொட ஒரு விரற்கடைதான் பாக்கி. புதுக் குழாயொன்றை அதன் வாயோடு வாய் சேர்த்து டேப் ஒட்டி, புதியதை மட்டும் கறுப்புத் துணியால் மூடுகிறாள். "தட்டி உள்ள தள்ளிவுடேன்" என்கிறார் அப்பா கொளஞ்சியப்பன். "வேணாம்பா, பயந்துட்டா முட்டையத் தின்னுடும். வெளிச்சம் புடிக்கலன்னா அதுங்களே போவும்." அவரும் பக்கத்தில் உட்கார்கிறார். ஓர் எறும்பு இருட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு மறுபடி நடக்கிறது. அதன் பின்னால் இன்னொன்று, பிறகு நாலைந்து. ராணி எறும்பு மட்டும் பூசணத்தருகே அசையாமல் நிற்கிறாள். சந்திரலேகா நகத்தைக் கடிக்கிறாள். ஓடுகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது. பெரிய வயிறு கண்ணாடியில் உரச, ராணி மெல்லத் திரும்பி, துணியின் நிழலுக்குள் முழுதாக நுழைகிறாள். சந்திரலேகா மூச்சு விடுகிறாள். "புது வூடு. பால் காய்ச்சிட வேண்டியதுதான்" என்று அப்பா அடுப்படிக்கு எழுந்து போகிறார்.