வேண்டாம் என்று சொல்லும் வெர்லின்

"ஒன்னு நாப்பதா? அந்தக் காசுக்கு என் வண்டி செல்ஃப்கூட எடுக்காது" என்றார் வெர்லின். "மைலுக்கு ரெண்டு டாலர் எண்பது. இல்லன்னா வேற ஆளைப் பாரும்மா."

மேசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்திருந்தார். மறுமுனையில் லோடு புரோக்கர் லோரீன்.

நெப்ராஸ்கா நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தம் அது. மேசையைச் சுற்றி ஐந்து சொந்த வண்டிக்காரர்கள். அடிமாட்டு விலைக்கு லோடு எடுப்பதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசி முடிவெடுத்தவர்கள். இன்று வியாழன். வெளியே வண்டிகள் காலியாக நின்று பனியில் நனைந்துகொண்டிருந்தன.

முடிவெடுப்பது சுலபம். நான்கு நாள் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் பெரும்பாடு. அதிலும் ராய்ஸ் பாடு திண்டாட்டம். திங்கட்கிழமை, மலைகளுக்கு அப்பால் இருக்கும் ஸ்போக்கேன் நகரத்தில் அவன் மனைவிக்கு ஆபரேஷன். அங்கே வரை வெறும் வண்டியை ஓட்டிப் போக டீசலுக்கு வழியில்லை. இருக்கும் ஒரே ஸ்போக்கேன் லோடு இதுதான்.

"அண்ணே, ஒன்னு நாப்பதுக்கே நான் எடுத்துக்கிறேன்" என்று போனுக்குக் கேட்காமல் கிசுகிசுத்தான் ராய்ஸ், யார் முகத்தையும் பார்க்காமல்.

"பத்து நிமிஷம் பொறு" என்று அதே கிசுகிசுப்பில் கையமர்த்தினார் வெர்லின்.

அந்த ஐவருக்கும் தெம்பே அவர்தான். தினமும் காலை பத்து மணிக்கு வந்து உட்காருவார். லோரீனைக் கூப்பிட்டு, சண்டை போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைப்பார். டீசல் போட்ட டிரைவர்களுக்கு அங்கே காபி இலவசம். அவர் மட்டும் ஒவ்வொரு கோப்பைக்கும் சில்லறை எண்ணிக் கொடுப்பார். ஓசிக் காபி குடித்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராதாம்.

மற்ற புரோக்கர்கள் போனை எடுத்ததும் வண்டிக்காரரின் பதிவு எண்ணைத்தான் கேட்பார்கள். லோரீன் அவரிடம் கேட்பதில்லை. அவ்வளவு நாள் பழக்கம்.

லோரீன் ஒன்று தொண்ணூறுக்கு வந்தாள். பிறகு இரண்டு இருபது. வெர்லின் அசையவில்லை.

"உன் நாய்த் தீவன லோடு சனிக்கிழமைக்குள்ள ஸ்போக்கேன் போய்ச் சேரணும். இந்தப் பனியில மலை ஏற எவனும் வரமாட்டான். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

லோரீன் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"சரி. ரெண்டு எண்பது" என்றாள்.

எல்லோரும் வெர்லினைப் பார்த்தார்கள். கேட்ட விலை வந்துவிட்டது, இனி அவர் கிளம்ப வேண்டியதுதான்.

"நாய்த் தீவனமாச்சே. அந்த வாடை எனக்கு ஆகாது" என்றார். "இங்க ராய்ஸ்னு ஒருத்தன் இருக்கான். அவனுக்கே எழுது."

லோரீன் ராய்ஸின் பதிவு எண்ணைக் கேட்டு, இரண்டு முறை சரிபார்த்து, லோடை அவன் பெயரில் போட்டாள். ராய்ஸ் வெர்லினின் கையைப் பிடித்துக்கொண்டான். தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினான். மற்றவர்களும் அதே விலையைக் கேட்டுப் பார்க்கத் தத்தம் வண்டிக்குப் போய்விட்டார்கள்.

மேசையில் ஐந்து காலிக் கோப்பைகளும் வெர்லினும் மிச்சம். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார். வைக்க மனமில்லை. வைத்துவிட்டால் நாளைக் காலை பத்து மணி வரை அவரிடம் பேச ஒரு ஜீவன் கிடையாது.

"லைன்லதான் இருக்கியாம்மா?"

"இருக்கேன் பெரியவரே."

"கேட்டதைக் குடுத்தும் வேண்டாம்னுட்டேன். என் மேல கோபமா?"

லோரீன் சிரித்தாள்.

"வண்டியை வித்து எட்டு மாசமான மனுஷன் எந்த லோடைத்தான் எடுப்பாரு? நாளைக்கும் பத்து மணிக்குக் கூப்பிடுங்க."