சட்டை உரித்த பூச்சி

"மேட், போறதுக்கு முன்னால என் அறைக்கு வா. ஒரு முக்கியமான விஷயம்" என்று, எல்லாரையும் நண்பன் என்ற பொருளில் 'மேட்' என்றே அழைக்கும் மேலாளர் கிரகாம் கூப்பிட்டதும் மாட்டிக்கொண்டோம் என்றே மனோஜ் நினைத்தான்.

நினைக்காமல் என்ன செய்வான்? இரண்டு வாரமாக அவன் செய்துகொண்டிருப்பது சுத்தமான ஆள்மாறாட்டம்.

ஆக்லாந்தின் மனுரேவா பகுதியில் இருந்த ஒரு கிடங்கில் மூன்று வருஷமாகக் காலை ஷிஃப்டுக்குத் தனோஜன், மாலை ஷிஃப்டுக்கு மனோஜ் பொறுப்பு. தனோஜனுக்கு யாழ்ப்பாணத்தில் தங்கச்சி கல்யாணம். லீவோ தீர்ந்துவிட்டது.

"பயப்பிடாதை மச்சான்! என்ரை கண்ணாடியையும் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு விடிய வந்து நில்லு. அந்த மனுசனுக்கு எங்கட முகத்தில வித்தியாசம் விளங்காது" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

அன்றிலிருந்து மனோஜ் காலையில் தனோஜன். மதியம் கழிப்பறைக்குள் போய்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மனோஜாக வெளியே வருவான். கிரகாமுக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. இருந்தும் காலையில் போன் வந்தால் தனோஜனின் யாழ்ப்பாணத்து "ஓம், ஓம்", மாலையில் வந்தால் "ஆமா, ஆமா". அவ்வளவு தொழில்பக்தி!

மாட்டினால் இருவருக்கும் வேலை போகும். வேலையோடு விசாவும் போகும்.

அவனுக்குப் பயமெல்லாம் கிரகாமின் கண்ணைப் பற்றித்தான். மனிதர் தூண்டில் பைத்தியம். மேஃப்ளை என்று ஈசல் மாதிரி ஓர் ஆற்றுப் பூச்சி. அதைப் போலவே இறகும் நூலும் வைத்துப் போலிப் பூச்சி கட்டி மீனை ஏமாற்றுவார். அன்றைக்கு ஆற்றில் எந்த இனம் பறக்கிறதோ அதே இனமாக இருந்தால்தான் மீன் கடிக்குமாம். இறக்கை நரம்பையும் வால் நிறத்தையும் பார்த்தே இனம் பிரித்துவிடுவார் என்று ஆக்லாந்து முழுக்கப் பெயர்.

மனோஜ் தயங்கித் தயங்கி அறைக்குள் நுழைந்தான். மேஜையில் இரண்டு பூச்சிகள். ஒன்றுக்கு மங்கல் இறக்கை, மற்றதற்குக் கண்ணாடிபோல் தெளிந்த இறக்கை. கிரகாம் கையில் லென்ஸ்.

"இது ரெண்டும் என்ன?"

"ரெண்டு வேற வேற இனம், சார்."

"எல்லாரும் இப்படித்தான் ஏமாறுறாங்க!" கிரகாம் குலுங்கிச் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதான். ஆற்றிலிருந்து வரும்போது ஒரு கோலம். அப்புறம் சட்டையை உரிச்சுப் போட்டுட்டு வேற கோலம். என் கண்ணை மட்டும் ஏமாத்த முடியாது."

மனோஜ் பையிலிருந்த தனோஜனின் கண்ணாடியை இன்னும் உள்ளே தள்ளினான்.

"உன்னை மாதிரியேதான், மேட். காலையில கண்ணாடி, மதியத்துக்கு மேல கண்ணாடி இல்லை. நான் கவனிக்கலைன்னு நினைச்சியா?"

அவ்வளவுதான். தானாக ஒப்புக்கொண்டால் விசாவாவது மிஞ்சும் என்று மனோஜ் உடைந்துபோனான்.

"மன்னிச்சிடுங்க, சார்! இந்த ரெண்டு வாரமா காலையில தனோஜனா வந்ததும் நான்தான். அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கான். போலீஸுக்கு மட்டும் போயிடாதீங்க!"

கிரகாம் லென்ஸைக் கீழே வைத்தார்.

"மூணு வருஷமா ஒரே ஆள் எப்படி ரெண்டு ஷிஃப்டும் பார்க்கிறான்னு நானும் ஆச்சரியப்பட்டுக்கிட்டே இருந்தேன்... அப்போ நீங்க ரெண்டு பேரா?"