மூன்றாவது புகார்

பல் துலக்கினான். காபி குடித்தான். "ஆபீஸ் மீட்டிங்" என்று மனைவியிடம் புளுகிவிட்டு, அறைக்குள் முகமூடியும் ஹெட்போனும் மாட்டிக்கொண்டு வீடியோ கேம் நேரலையைத் தொடங்கினான். அடுத்த அறையில் அவளும் தன் கம்ப்யூட்டர் முன் வேலைக்கு உட்கார்ந்தாள்.

அனுமதியில்லாமல் பாட்டு ஒலிபரப்பியதாக ஏற்கெனவே இரண்டு புகார். மூன்றாவது வந்தால் சேனலையே மூடிவிடுவார்கள். அதனால் கேமின் இசையைக்கூட அணைத்திருந்தான்.

பத்தே நிமிடத்தில் மூன்றாவதும் வந்தது. ஐந்து வருடச் சேனல் அம்போ!

பதிவை ஓடவிட்டுக் கேட்டான். பின்னணியில் சன்னமாக ஒரு பாட்டு. நிறுத்திவிட்டு ஹெட்போனைக் கழற்றிய பிறகும் சுவருக்கு அப்பாலிருந்து அதே பாட்டு!

அடுத்த அறைக்கு ஓடினான். "எதுக்கும்மா இவ்ளோ சத்தமா பாட்டு?"

"ஒரிஜினலைப் போட்டு ஒப்பிட்டுப் பாக்குறதுதானே என் வேலை? எங்க கம்பெனி பாட்டைத் திருடுற ஒருத்தனை இன்னைக்கு ஒழிச்சுக் கட்டிட்டேன். படுபாவி, குரல்கூட அப்படியே உங்க குரல் மாதிரியே இருக்குங்க!"