எண்பது பேருக்குப் பின்னால்

"ஒரு சுத்துக்கு இருபத்துநாலு பேர். ஏத்தி, சுத்தி, இறக்க ஏழு நிமிஷம். நமக்கு முன்னால எண்பது பேர் நிக்கறா. இப்போதான் ஒரு சுத்து ஆரம்பிச்சிருக்கு..."

"கணக்கெல்லாம் வேண்டாம். எத்தனை நேரம், அதைச் சொல்லுங்கோ."

"இருபத்தெட்டு நிமிஷம்."

விசாலாக்ஷி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். செம்பூர்ப் பொருட்காட்சியின் ராட்சத ராட்டினம் தலைக்கு மேலே கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. இருபுறமும் மூங்கில் தடுப்பு, முன்னும் பின்னும் வியர்த்த முதுகுகள். கையை வீசக்கூட இடமில்லை.

அவள் கணவன் சந்திரமௌலி ஒரு கம்பெனியில் புள்ளிவிவரப் பிரிவு குமாஸ்தா. வரிசைகளின் கணிதம் பற்றி ஒரு புத்தகம் படித்ததிலிருந்து, நிமிடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று மூன்று வாரமாக இங்கே வந்து நோட்டில் குறித்திருந்தான். எல்லாவற்றையும் அலசி, கடைசியில் அவன் தேர்ந்தெடுத்தது கூட்டம் நெரியும் ஞாயிறு மாலை ஆறு மணி.

"உங்க தங்கை வெளியில தனியா நிக்கறாளே."

"ருக்குவுக்கு ராட்டினத்தைப் பார்த்தாலே தலை சுத்தும். அம்மா அனுப்பின போலீஸ் சோளக்கதிர் தின்னுண்டு இருக்கட்டும்."

ஒரே ஒரு சுற்று, ஏழரைக்குள் வீடு என்பது மாமியாரின் உத்தரவு. மாதுங்காவில் ஒன்பது பேர் இருக்கும் அந்த ஒற்றை அறையில் அவள் சொல்தான் சட்டம்.

வரிசை ஒருமுறை நகர்ந்தது.

"நாக்பூர் மாத்தலுக்கு நாளைக்குப் பதில் சொல்லியாகணும். அப்பாகிட்ட பேசினேளா?" என்று கிசுகிசுத்தாள்.

"ஏன் மெதுவாப் பேசறே? சுத்தி நிக்கறவா எல்லாம் மராத்திக்காரா, யாருக்கும் தமிழ் தெரியாது."

"பழகிடுத்து." சிரிக்க முயன்றாள். "அங்கே குவார்ட்டர்ஸ் தராளாம். தனி சமையலறை. கதவுக்குத் தாழ்ப்பாள். சரின்னு சொல்லிடுங்கோளேன்."

"அப்பா உடைஞ்சு போயிடுவாரே, விசாலம்."

"நான்?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. பக்கத்தில் பழுதாகிக் கிடந்த இரண்டாவது ராட்டினம் முனகிக்கொண்டு அசைந்தது. யாரோ தடுப்பின் கயிற்றை அவிழ்த்துவிட, முன்னால் நின்ற கூட்டத்தில் முக்கால்வாசிக்கு மேல் அங்கே ஓடியது.

இவர்களுக்கு முன்னால் இப்போது பத்துப் பேர்கூட இல்லை. "சலோ, சலோ!" என்று டிக்கெட்காரன் கையை ஆட்டினான். பின்னாலிருந்து தள்ளினார்கள்.

"என் கணக்குல ரெண்டாவது ராட்டினம் இல்லையே..." சந்திரமௌலியின் முகம் வெளுத்துவிட்டது.

விசாலாக்ஷி அவன் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டாள்.

"ஏன்னா... மறுபடி கடைசியில போய் நிக்கலாமா?"