நாலு ஆம்பியர் வீடு

"பெத்த பிள்ளைங்களுக்கு இல்லாத காத்து அந்த டப்பாவுக்கா?"

அண்ணி ஷதா வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள். ராஃபித் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குழந்தைகளின் மேசை மின்விசிறியைத் தூக்கிவந்து, பக்கவாட்டு மூடி கழற்றிய கம்ப்யூட்டருக்கு எதிரே வைத்துக்கொண்டிருந்தான்.

"சூடாச்சுன்னா நின்னுடும் அண்ணி. ஒரு மணி நேரந்தான். ஆட்டம் முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துடறேன்."

"எத்தனை மணிக்கு ஆட்டம்?"

"நாலு."

"நல்ல நேரம் பார்த்தே! பாக்தாதே வெயில்ல வேகற நேரம்."

அது அண்ணன் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர். வயது ஒன்பது. அதற்கு ராஃபித் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் கொடுத்திருந்தான். போன மாதம் நினைவகம். இந்த மாதம் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ஸினாஆ தெருவில் பேரம் பேசி, யாரோ அடித்துத் துவைத்த ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டு. கார்டு நீளம். பெட்டிக்குள் அடங்கவில்லை. அதனால்தான் மூடி கழன்று கிடந்தது.

"ரெண்டு ஆம்பியருக்கு மேல தின்னாது தம்பி" என்று கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார்.

அங்கேதான் வம்பே. அரசாங்கக் கரண்ட் பாதி நாள் இருக்காது. தெருமுனைத் தனியார் ஜெனரேட்டரிலிருந்து, மாதாமாதம் காசு கட்டி, வீட்டுக்கு வருவது மொத்தம் நாலு ஆம்பியர். தாண்டினால் ஜெனரேட்டர் கொட்டகையில் இருக்கும் ஸ்விட்ச் விழுந்துவிடும். யாராவது வெயிலில் ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டும்.

மாதத் தொடக்கத்தில் அண்ணி கேட்டாள். "உன் பங்குக்கு ஒரு ஆம்பியர் கூட்டிக்கலாமா ராஃபித்? பிள்ளைங்க புழுங்கிச் சாகுதுங்க."

"கையில காசே இல்ல அண்ணி" என்றான்.

மூன்றாம் நாள் கார்டோடு வந்து நின்றான். அண்ணி கார்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

போன வெள்ளிக்கிழமை பத்தாவது நிமிடத்தில் ஸ்விட்ச் விழுந்தது. ஓடிப்போய்த் தூக்கிவிட்டு வருவதற்குள் ஆட்டம் போயே போய்விட்டது. ஐந்து பேர் சேர்ந்து ஆன்லைனில் ஆடும் அணியின் தலைவன் ஸர்மத் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னைக்கு மிச்சம் நாலு பேரும் உன்னால தோத்தோம். அடுத்த வாரமும் கரண்ட்டுன்னு சொன்னே, உன் இடத்துக்கு வேற ஆளு."

இரண்டு வருடமாக வேலை தேடி அலுத்தவனுக்கு, 'உன் இடம்' என்று யாராவது சொல்வது அந்த அணியில் மட்டுந்தான். அதனால் வாரம் முழுக்க உட்கார்ந்து கார்டின் வேகத்தைக் குறைத்தான். இதைக் கழற்றினான், அதை அணைத்தான். கார்டுக்கு இவ்வளவு, ஃப்ரிட்ஜுக்கு இவ்வளவு, கூடத்து ஏர்கூலருக்கு இவ்வளவு. கூட்டிப் பார்த்தால் மயிரிழையில் நாலு ஆம்பியர்.

நாலு மணி. கதவைச் சாத்திக் காதில் ஹெட்போனை மாட்டினான்.

பத்து நிமிடம் தாண்டியது. கரண்ட் போகவில்லை. இருபது தாண்டியது.

கதவு தடதடவென்று அதிர்ந்தது. "ராஃபித்! முடிஞ்சுதா இல்லையா?"

"இல்ல!" என்று கத்தினான்.

"யாருடா அது, போலீஸா?" என்று காதுக்குள் ஸர்மத் சிரித்தான்.

"எங்க அண்ணி. நான் நிம்மதியா இருந்தா அவங்களுக்குச் சோறு இறங்காது."

கால் மணி நேரம் கழித்து மறுபடி கதவு. "இன்னும் எவ்வளவு நேரம்?"

"அண்ணி, தயவுசெஞ்சு உயிரை வாங்காதீங்க!"

கடைசிச் சுற்று. ஸர்மத் விழுந்தான். இன்னொருவனும் விழுந்தான். எதிரிகளில் ஒருவன் மிச்சம். கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. ராஃபித் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுட்டான்.

காதுக்குள் நாலு பேரும் ஒரே நேரத்தில் ஊளையிட்டார்கள்.

"ராஃபித், உன் இடம் உனக்குத்தாண்டா!" என்றான் ஸர்மத். "இனி எவன் வந்து கேட்டாலும் கிடையாது."

ராஃபிதுக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டுக் கதவைத் திறந்தான். ஒரு வாரமாகக் கேட்ட ஏச்சுக்கெல்லாம் இன்றைக்கு ஒரு பதில் இருந்தது.

"அண்ணி! ஜெயிச்சாச்சு! பார்த்தீங்களா, கரண்ட் ஒரு தடவைகூடப் போகல. நான் போட்ட கணக்கு அப்படி!"

கூடத்தில் அனல் அடித்தது.

திரைச்சீலைகள் இழுத்து விடப்பட்டிருந்தன. துணி அலசும் பெரிய பேசினில் தண்ணீர் விட்டு, அதற்குள் குழந்தைகள் இரண்டும் ஜட்டியோடு உட்கார்ந்திருந்தன. சின்னவன் சிணுங்கிச் சிணுங்கி ஓய்ந்து போயிருந்தான். அண்ணி தரையில் உட்கார்ந்து அட்டை ஒன்றால் விசிறிக்கொண்டிருந்தாள். கார்டு வந்த பெட்டியின் மூடி அது. முகமெல்லாம் வியர்வை, முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது.

ஏர்கூலர் ஓடவில்லை. அதன் பிளக் தரையில் கிடந்தது. பக்கத்திலேயே ஃப்ரிட்ஜின் பிளக்கும்.

ராஃபிதுக்குத் தன் கணக்கே அசிங்கமாக இருந்தது.

அண்ணி விசிறுவதை நிறுத்தாமல் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜெயிச்சிட்டியா? நல்லது. இனிமே கூலரைப் போட்டுக்கலாமா?"