கோட்டு போட்ட அத்தை

நாற்காலியில் இருப்புக்கொள்ளாமல் நெளிகிறார் அத்தை. இருபது வருஷமாக மேடையில் பெண் வேஷம் கட்டிச் சிரிக்க வைத்த மனுஷனுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்றுதான் முதன்முதலாக டிவியில் நிகழ்ச்சி நடத்தப் போகிறார், அதுவும் கோட்டு போட்டுக்கொண்டு. கண்ணாடியைச் சுற்றி எரிகிற பல்புகளின் சூடு முகத்தில் அடிக்கிறது. வழித்து வழித்து நூலாகிப்போன புருவத்தின்மேல் ஒப்பனைக்காரி பென்சிலால் தடிமனாக இழுக்கிறாள். "ஆடாம இருங்க அத்தை, புருவம் காதுக்குப் போயிடும்." "என்னம்மா பண்றது, ஆம்பளை வேஷம் எனக்குப் புதுசு." அவள் சிரிக்கிறாள். அவர் கண் கதவுப் பக்கம் போகிறது. "அத்தை சேட்டையெல்லாம் வேணாம்ணே. ஜனங்க சிரிக்கலன்னா அடுத்த வாரம் வேற ஆளு" என்று டைரக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அரங்கத்தில் வெளிச்சம் கொட்டுகிறது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் சொந்தக் குரலில் வணக்கம் சொல்கிறார், எழுதிக் கொடுத்த முதல் ஜோக்கையும் சொல்கிறார். யாரோ இருமுகிறார்கள், அவ்வளவுதான். அந்தத் தவிப்பில் வலது கை தானாக எழுந்து, தோளில் இல்லாத நீளக் கூந்தலை வெடுக்கென்று பின்னால் தள்ளுகிறது. முன்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிடுகிறாள். "ஐயோ, நம்ம அத்தைடி!" சிரிப்பு கடைசி வரிசை வரைக்கும் ஓடுகிறது. "கை! கையைக் கீழ போடுங்கண்ணே!" என்று காதில் மாட்டியிருக்கும் சின்னக் கருவி வழியாகக் கத்துகிறார் டைரக்டர். அத்தை காதிலிருந்து அந்தக் கருவியைப் பிடுங்கிக் கோட்டுப் பைக்குள் போடுகிறார். பிறகு இடது தோளின் கூந்தலையும் நிதானமாக ஒதுக்குகிறார்.