கரையில் அரை நாள்

தடக்... தடக்... தடக்...

போனில் முதலில் வந்தது அந்தச் சத்தம்தான். மூன்று தடவைக்கு ஒருமுறை நடுவில் ஒரு முனகல். அதற்கும் பின்னாலிருந்துதான் ஷாகுல் ஹமீதின் குரல் மிதந்து வந்தது.

"நஸீரா, கேக்குதா? மலை உச்சியில நிக்கேன்."

தாராவியில் கரீம் பாட்சாவின் சலவைப் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரம். மெஷின்கள் ஓய்ந்து கிடந்தன. நஸீரா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஹோட்டல் படுக்கை விரிப்புகளின் குவியல் மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தலைக்கு மேல் தகரம் கொதித்தது. பக்கத்தில் டப்பாவைத் திறந்து வைத்தபடி அவள் நாத்தனார் அஃப்ஷா. ஷாகுலின் தங்கை.

ஷாகுல் சுற்றுலாக் கப்பலில் சலவைக்காரன். அடித்தளத்தில் வேலை. போன முதல் மாதம் முழுக்க ஒரே அழுகை. ஜன்னல் கிடையாதாம். பகலா ராத்திரியா தெரியவில்லையாம். மூச்சு முட்டுகிறது, பாதியில் ஓடி வந்துவிடுகிறேன் என்பான். அப்படி ஓடி வந்தவனை வேறெந்தக் கப்பலிலும் சேர்க்க மாட்டார்கள்.

பிறகு துறைமுகங்களில் இறங்கிச் சுற்ற ஆரம்பித்தான். அழுகை நின்றது.

எங்கே இறங்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று திட்டம் போடுவது நஸீரா. உலகத்தின் வட கோடியில் டிரோம்சோ என்ற ஊரில் கப்பல் இரண்டு நாள் நிற்கும், இரண்டாம் நாள் அவனுக்கு அரை நாள் லீவு என்று தெரிந்ததிலிருந்து, வேலை முடிந்து வந்ததும் மேப்பும் வீடியோவுமாகவே கிடந்தாள். கப்பலை விட்டு இறங்கியதும் மர வீடுகள். அப்புறம் நீளமான பாலம். அக்கரையில் வெள்ளைத் தேவாலயம். அதைத் தாண்டினால் மலைக்கு ஏற கேபிள் கார். அந்த மனுஷன் ஒரு நாளாவது சும்மா கால் நீட்டிப் படுக்கட்டுமே, ஹெட்மாஸ்டர் மாதிரி ஏன் விரட்டுகிறீர்கள் என்று அஃப்ஷாகூடக் கேலி செய்திருக்கிறாள்.

"பாலத்தை நடந்தே கடந்தியளா?" என்று கேட்டாள் நஸீரா.

"நடந்தேதான். காத்து சட்டையப் புடிச்சு இழுக்கு. கேபிள் கார் டிக்கெட் இன்னும் கையிலதான் இருக்கு, நீலக் கலர். ராத்திரி பூரா சூரியன் மறையவே இல்ல. தண்ணி மேலயே உருண்டுக்கிட்டு கெடந்துச்சு. இந்த ஊர்ல யாருக்குமே பகல் ராத்திரி தெரியாது புள்ள."

நஸீராவின் மூடிய இமைகளுக்குள் ஏதோ ஒளிர்ந்தது.

அஃப்ஷா கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டாள்.

நேற்று மாலை மாஹிம் கடைத்தெருவில் மெஹராஜைப் பார்த்தாள். மெஹராஜின் புருஷனும் அதே கப்பலில், அதே சலவைப் பிரிவில்தான். துறைமுகத்தில் நிற்கிற நாளில்தான் அழுக்கு மூட்டை அதிகம், சலவைக்காரர்களை யாரும் இறங்க விடுவதில்லை என்றாள் அவள். ஷாகுல் பாய் ஐந்து மாதத்தில் ஒருமுறைகூடக் கரையில் கால் வைத்ததில்லையாம். மெஷினில் போடுமுன் பயணிகளின் சட்டைப் பைகளைத் துழாவுவார்கள். அதில் கிடைக்கிற டிக்கெட், காபி பில், கூழாங்கல் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பி வைத்து, அதைப் பார்த்துக்கொண்டேதான் வீட்டுக்குப் பேசுவாராம்.

பெண்டாட்டி கண்ணைக் கெடுத்துக்கொண்டு மேப் பார்க்கிறாள். இவர் கதை விடுகிறார். அஃப்ஷா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அண்ணே, பின்னால என்ன சத்தம் அது?"

தடக்... தடக்...

"அதுவா? கேபிள் கார் சக்கரம்."

"பழைய சக்கரமா இருக்கும்," என்றாள் நஸீரா, கண்ணைத் திறக்காமலே. "எனக்கு என்ன எடுத்து வச்சிருக்கிய?"

"ஒரு கல்லு. வெள்ளைக் கோடு போட்டது. மலையில கெடந்துச்சு."

பத்திரமாகக் கொண்டு வரச் சொன்னாள். அடுத்த ஊருக்கும் இன்றைக்கே வழி தேடி வைப்பதாகச் சொன்னாள். அவன் சிரித்தான். நேரமாகிவிட்டது, கீழே இறங்க வேண்டும் என்று போனை வைத்தான்.

அஃப்ஷா டப்பாவை மூடினாள்.

"மைனி, ஒண்ணு சொல்லுதேன். மனசு விட்டுறக் கூடாது. அண்ணன் மலைக்கும் போகல, பாலத்துக்கும் போகல. அவரு ஒங்கள..."

"சலோ, சலோ, டைம் ஆச்சு," என்றபடி கரீம் பாட்சா சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார். துணி காயப்போடும் பெரிய ட்ரம் ஒரு குலுக்குக் குலுங்கிச் சுழலத் தொடங்கியது.

தடக்... தடக்... தடக்...

மூன்று தடவைக்கு ஒருமுறை நடுவில் ஒரு முனகல்.

அஃப்ஷா ட்ரம்மைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். கடைசியில் மைனியைப் பார்த்தாள்.

நஸீரா எழுந்து துப்பட்டாவை உதறினாள்.

"பதினோரு வருஷமா இந்தச் சத்தத்துக்குள்ளதான் நிக்கேன். இந்த ட்ரம்மு எந்த ஊர்ல சுத்துனாலும் எனக்குத் தெரியாதா?"

"பின்ன எதுக்கு மைனி இந்த மேப்பும் திட்டமும்?"

"நான் வழி சொன்னாத்தானே அவுக பொய் சொல்ல முடியும்? பொய் சொல்லுத அந்தப் பத்து நிமிஷமாவது வெளிய நிக்காகல்லா."

குவியலிலிருந்து ஒரு விரிப்பை உருவி, அதன் ஒரு முனையை நாத்தனாரிடம் நீட்டினாள்.

"புடி. மடிக்கணும்."